டெம்பர் கிளாஸ் ஒட்டலாமா?

ஃபோன் திரையின் மேல் ஒட்டும் டெம்பர் கிளாஸுக்கு இரண்டு வேலைகள். கீறலைத் தான் வாங்கிக்கொண்டு திரையைக் காப்பது ஒன்று. ஃபோன் கீழே விழும்போது அடியில் ஒரு பங்கைத் தாங்குவது மற்றொன்று. முதல் வேலையை அது நன்றாகவே செய்கிறது. இரண்டாவதை ஓரளவுதான் செய்கிறது. ஆனால் மும்பையில் தாராவி 90 அடிச் சாலையானாலும் மாட்டுங்கா, செம்பூர் ரயில் நிலையங்களைச் சுற்றியுள்ள கடைகளானாலும், விற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்குபவர்களும் அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள்.

ஃபோனிலேயே இருக்கும் கண்ணாடி

2007-இல் வெளிவந்த முதல் ஐபோனுக்காக அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் செய்து கொடுத்த கண்ணாடிதான் கொரில்லா கிளாஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. இன்று நடுத்தர விலை ஃபோன்களில்கூட அதுவோ அதையொத்த வேறொன்றோ இருக்கிறது. அலுமினோசிலிகேட் வகைக் கண்ணாடித் தகட்டை, ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில் உருகிய பொட்டாசியம் உப்பில் ஊற வைப்பது இதன் செய்முறை. கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பருமனான பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் புகுந்துகொள்கின்றன. லோக்கல் ரயிலில் மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளும் உட்கார்ந்ததும் நால்வரும் இறுகிப்போவதைப் போல, கண்ணாடியின் மேற்பரப்பு இறுக்கத்தில் நிற்கிறது. விரிசல் பரவக் கண்ணாடி பிளந்தாக வேண்டும். இப்படி இறுகிய பரப்பு எளிதில் பிளப்பதில்லை.

ஆனால் இந்த இறுக்கம் மேலோட்டமான ஓர் அடுக்கில் மட்டுமே உள்ளது. பெரும்பாலான ஃபோன்களில் அதன் ஆழம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதைத் துளைத்து இறங்கும் கீறல் கண்ணாடியின் பலத்தையே குறைத்துவிடும். கண்ணாடி போன்ற பொருட்கள் கணக்குப்படி தாங்க வேண்டிய விசையைவிட மிகக் குறைந்த விசையில் உடைவதற்குக் காரணம், அவற்றில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களே என்று ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் 1921-இல் விளக்கினார். விசை அந்த நுண்விரிசலின் முனையில் குவிந்துவிடுகிறது. ஆறு மாதம் கீறல் பட்ட ஃபோன், புதிதாக இருந்தபோது பிழைத்த அதே உயரத்திலிருந்து விழுந்து உடைவது இதனால்தான். டெம்பர் கிளாஸ் ஒட்டுவதற்கான வலுவான காரணமும் இதுவே: இன்று கீறலைத் தடுத்தால், அடுத்த முறை ஃபோன் விழும்போது அது உடையாமல் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

எது கீறுகிறது

பொருட்களின் கடினத்தை ஒப்பிட, ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. அதில் மாக்கல் 1, வைரம் 10. எண் கூடிய பொருள் எண் குறைந்த பொருளைக் கீறும். ஃபோன் கண்ணாடியில் 6-ஆம் நிலைப் பொருட்கள் மெல்லிய கீறலையும், 7-ஆம் நிலைப் பொருட்கள் ஆழமான கீறலையும் விடுகின்றன. பித்தளைச் சாவி 3-க்கும் 4-க்கும் இடையில் நிற்கிறது. சாதாரண எஃகுக் கத்தி 5.5 அளவில் நிற்கிறது. அதனால் பையில் சாவியும் சில்லறையும் ஃபோனோடு கிடப்பதால் மட்டும் திரை கீறிவிடாது. கீறுவது அதே பையின் அடியில் கிடக்கும் மணல். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7.

மும்பையில் இந்த மணலுக்குப் பஞ்சமில்லை. ஜூஹூ, தாதர் கடற்கரைகளில் ஒரு மாலை உட்கார்ந்து எழுந்தால் பேன்ட் பையில் மணல் சேர்ந்துவிடும். நகரம் முழுவதும் கட்டடங்கள் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருகின்றன. கான்கிரீட் தூசி வீட்டு ஜன்னல் விளிம்பு வரை படிகிறது. மும்பையின் அடிப்பாறையும் அதிலிருந்து உடைத்தெடுக்கும் ஜல்லியும் தக்காணத்துப் பசால்ட் கல்; அதன் முக்கியக் கனிமமான ஃபெல்ட்ஸ்பார் 6-ஆம் நிலையைச் சேர்ந்தது. தாராவி கும்பர்வாடாவில் மண் பிசைபவர், 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிப்பவர், தோல் பட்டறையில் வேலை செய்பவர், கொத்தனார், பைக்கில் ஃபோனைப் பொருத்தி ஓட்டும் டெலிவரித் தொழிலாளி ஆகியோரின் ஃபோன்கள் நாள் முழுவதும் இந்தத் துகள்களோடு உரசுகின்றன. இவர்களுக்கு டெம்பர் கிளாஸ் கட்டாயம் தேவை. செம்பூரில் ஒரு குடியிருப்பில் வீட்டோடு இருந்து, மடிப்பு உறையில் ஃபோனை வைத்திருக்கும் முதியவருக்கு அதே அவசியம் கிடையாது.

விழும்போது என்ன நடக்கிறது

விழும் ஃபோன் இரண்டு விதமாக உடைகிறது. கூர்மையான கல்லோ ஜல்லியோ திரையின் ஓரிடத்தில் குத்தி, அங்கிருந்து விரிசல் ஓடுவது முதல் விதம். டெம்பர் கிளாஸ் இங்கே உதவும்; குத்து முதலில் அதன் மேல் விழுகிறது. மூலையிலோ ஓரத்திலோ விழுந்து, ஃபோனின் உடலே ஒரு கணம் வளைந்து, அந்த வளைவு தாங்காமல் கண்ணாடி பிளப்பது இரண்டாவது விதம். இதில் மேலே ஒட்டிய மெல்லிய தகட்டால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஃபோன்கள் மூலையில் விழுவதோ மிகச் சாதாரணம். அந்த அடியை வாங்க வேண்டியது கவர்தான். மூலைகள் தடித்து, திரையின் மட்டத்தைவிடச் சற்று உயர்ந்த விளிம்பு கொண்ட கவர், எந்த விலை உயர்ந்த டெம்பர் கிளாஸையும்விட வீழ்ச்சியிலிருந்து நன்றாகக் காக்கும். கையில் 200 ரூபாய்தான் இருக்கிறது, இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் முதலில் கவரையே வாங்க வேண்டும்.

"கிளாஸ் மட்டும்தான் உடைஞ்சது, டிஸ்ப்ளே தப்பிச்சிடுச்சு" என்பது எல்லோரும் சொல்லும் சாட்சி. இதை அப்படியே ஏற்க முடியாது. டெம்பர் கிளாஸ் ஃபோன் கண்ணாடியைவிடப் பலவீனமானது. அதன் வெட்டிய ஓரங்களில் நுண்விரிசல்கள் நிறைய இருக்கும். ஃபோன் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாத சிறு அடியிலேயே அது உடைந்துவிடும். அது உடைந்ததை மட்டும் வைத்து, அது இல்லாவிட்டால் திரை உடைந்திருக்கும் என்று முடிவு கட்டக் கூடாது. சில நேரம் உண்மையிலேயே காப்பாற்றியிருக்கும். பல நேரம் திரை எப்படியும் பிழைத்திருக்கும்.

மும்பை ரயில்களில் நடக்கும் ஒரு வீழ்ச்சியில் கிளாஸும் உதவாது, கவரும் உதவாது. ஓடும் ரயிலின் வாசலில் நின்று பேசுபவரின் கையில் தடியால் தட்டி ஃபோனை விழச் செய்து எடுத்துக்கொண்டு ஓடும் கும்பல்கள் தண்டவாள ஓரங்களில் உண்டு. வாசலில் நிற்கும்போது ஃபோனைப் பைக்குள் வைத்திருப்பதுதான் இதற்கு ஒரே காப்பு.

கடையில் சொல்லும் எண்கள்

டெம்பர் கிளாஸ் பெட்டிகளில் தவறாமல் இருப்பது 9 ஹெச். இது மோஸ் அளவுகோலின் 9 அல்ல. அந்த 9-ஆம் நிலையில் இருப்பவை நீலக்கல், மாணிக்கம் போன்றவை. 9 ஹெச் என்பது பெயின்ட், வார்னிஷ் பூச்சுகளைச் சோதிக்க ஏற்பட்ட பென்சில் சோதனையின் மேல்படி. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த பென்சில் முனை எதுவும் கண்ணாடியைக் கீறாது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகூட இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே 9 ஹெச் முத்திரை ஒரு கிளாஸை இன்னொரு கிளாஸிலிருந்து பிரித்துக் காட்டுவதே இல்லை.

கடைக்காரர் கட்டர் பிளேடால் பரபரவென்று கீறிக் காட்டுவதும் அதே கதைதான். பிளேடு போன பிறகு கிளாஸின் மேல் சில நேரம் ஒரு சாம்பல் கோடு தெரியும். விரலால் தேய்த்தால் அது போய்விடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட இரும்புத் தடம் அது. சாதாரண எஃகால் எளிதில் கீறப்படாதது பெரும்பாலான கண்ணாடிகளுக்கு உள்ள இயல்பு. ஒரு சிட்டிகை மணலைப் போட்டுத் தேய்க்கச் சொன்னால் அதே கிளாஸில் அழியாத கோடுகள் விழும்.

2.5 டி என்பதற்கு ஓரம் வளைவாகத் தேய்க்கப்பட்டது என்று பொருள் உண்டு. அதற்கு மேல் 9 டி, 11 டி, 21 டி என்று ஏறுவதெல்லாம் விற்பனைக்காக வைத்த பெயர்கள். தரத்தோடு அவற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. "டெம்பர்" என்ற பெயரும் பெரும்பாலும் பெயரளவில்தான். சூடாக்கித் திடீரெனக் குளிரவைக்கும் உண்மையான டெம்பர் முறைக்குக் கண்ணாடி இரண்டு மூன்று மில்லிமீட்டராவது தடிமன் வேண்டும். திரையில் ஒட்டுவதோ 0.33 மில்லிமீட்டர். இவற்றில் நல்லவை ஃபோன் கண்ணாடியைப் போலவே உப்பில் ஊறிப் பலம் பெற்றவை. மட்டமானவை அரைகுறையாக ஊறியவை. காரின் பக்கக் கண்ணாடி சிறுசிறு கட்டிகளாக உதிர்வதையும், டெம்பர் கிளாஸ் நீள நீளமான சில்லுகளாக உடைவதையும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

வகையும் விலையும்

பெரும்பாலான சீன நிறுவன ஃபோன்கள் தொழிற்சாலையிலேயே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி வருகின்றன. புது ஃபோன் வாங்கிய அன்றே கடைக்காரர் அதை உரித்துப் போட்டு டெம்பர் ஒட்டுவது தேவையற்ற செலவு. அது கீறல் விழுந்து மங்கும்வரை அப்படியே விட்டுவிடலாம்.

தட்டையான திரைக்கு முழுப்பசை கிளாஸே போதும். சாலையோரக் கடைகளில் 50 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும்போது பின்பக்கத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓரத்துக் கறுப்புப் பட்டையில் மட்டும் பசை இருந்து நடுவில் நுண்புள்ளிகள் தெரிந்தால் அதை விட்டுவிடுவது நல்லது. அந்த வகையில் நடுவில் காற்று இடைவெளி நிற்கும், டச் மந்தமாகும், ஓரத்தில் அழுக்கு சேரும். கிராஃபோர்டு மார்க்கெட் அருகிலுள்ள மனீஷ் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கினால் விலை இன்னும் குறையும். வீட்டில் நான்கைந்து பேர் ஒரே மாடல் ஃபோன் வைத்திருந்தால் அது பயன்படும்.

ஓரம் வளைந்த திரைகளுக்குத் திரவப் பசை ஊற்றி, புற ஊதா விளக்கைக் காட்டி இறுக்கும் யூவி கிளாஸ் ஒட்டுகிறார்கள். பார்க்க மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் அந்தப் பசை இறுகுவதற்கு முன் காது ஸ்பீக்கர், மைக், சார்ஜ் துளை, பொத்தான் இடுக்கு என்று எங்கு வேண்டுமானாலும் வழிந்து உள்ளே போய்விடலாம். ஃபோன் நிறுவனங்களே இதை எச்சரித்திருக்கின்றன. வளைந்த திரைக்கு டிபியு என்ற நெகிழ் பிளாஸ்டிக் படலம் பாதுகாப்பான மாற்று. மெஷினில் வெட்டி ஒட்டித் தரும் ஹைட்ரோஜெல் என்பதும் இந்த வகைதான். சிறு கீறல்கள் அதில் தாமாகவே மறையும். கூர்மையான குத்தை அது தாங்காது. செராமிக் என்று விற்கப்படும் வளையும் படலமும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

பக்கத்தில் நிற்பவர் பார்க்க முடியாத பிரைவசி கிளாஸ், நெரிசலான ரயிலில் வங்கிச் செயலியைத் திறப்பவர்களுக்குப் பயன்படும். ஆனால் திரையின் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட பிரைட்னஸைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீரும். டிக்கெட் பரிசோதகரிடம் மொபைல் டிக்கெட்டைக் காட்டும்போதும் ஃபோனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்ப வேண்டியிருக்கும். சில உயர்விலை ஃபோன்களில் எந்தக் கிளாஸும் ஒரு நல்ல அம்சத்தைக் கெடுத்துவிடும். 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் கண்ணாடி, ஒளி பட்டுத் தெறிப்பதை 75 விழுக்காடு வரை குறைக்கும்படி செய்யப்பட்டது. மேலே சாதாரண கிளாஸ் ஒட்டினால் அந்தப் பயன் போய்விடும். கேமரா லென்ஸின் மேல் ஒட்டும் கிளாஸ் யாருக்குமே வேண்டாம். இரவுப் படங்களில் தெருவிளக்குகள் சிதறித் தெரிவதற்கு அதுவே பல நேரம் காரணம்.

ஒட்டும் முறை

கிளாஸ் நல்லதா கெட்டதா என்பதைவிட, ஒட்டிய நேரத்தில் தூசி புகுந்ததா என்பதே அடுத்த ஆறு மாதத்தைத் தீர்மானிக்கிறது. வண்டிகள் போகும் சாலையோரத்தில், ஃபேன் காற்றில் ஒட்டக் கூடாது. வீட்டில் தூசி மிகக் குறைந்த இடம், சற்று முன் குளித்து ஈரம் படிந்த குளியலறை. அங்கே காற்றில் மிதக்கும் தூசி ஈரத்தோடு கீழே அமர்ந்திருக்கும். இதே காரணத்தால் மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் ஒட்டுவது, வறண்டு தூசி பறக்கும் குளிர்மாதங்களில் ஒட்டுவதைவிட எளிது.

பெட்டியில் இருக்கும் ஆல்கஹால் துணியால் திரையைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒரு முறை தேய்க்க வேண்டும். பிறகு பாதுகாப்புத் தாளை உரிக்காமலே கிளாஸைத் திரையின் மேல் வைத்து, காது ஸ்பீக்கர் துளையும் முன் கேமராவும் சரியாக வெளியே தெரியும்படி நகர்த்த வேண்டும். அந்த நிலையில் ஒரு பக்க ஓரத்தை இரண்டு துண்டு டேப்பால் ஃபோனோடு சேர்த்து ஒட்டிவிட்டால், கிளாஸ் ஒரு கதவைப் போலத் திறந்து, மூடும்போது அதே இடத்தில் வந்து அமரும். திறந்த நிலையில் தாளை உரித்து, தூசி ஸ்டிக்கரால் திரையை ஒற்றி எடுத்து, உடனே மூட வேண்டும். நடுவில் விரலால் ஒரு முறை அழுத்தினால் பசை தானாகவே ஓரம் நோக்கிப் பரவும். அழுத்தினால் நகரும் குமிழி காற்று; அதை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். நகராமல் நடுவில் ஒரு புள்ளியோடு நிற்பது தூசி. அதற்கு அருகிலுள்ள மூலையை மெல்லத் தூக்கி, டேப்பால் தூசியை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி மூடலாம்.

ஒட்டியதும் ஒருவருக்கு ஃபோன் செய்து பார்ப்பது நல்லது. காதில் வைத்ததும் திரை அணையவில்லை என்றாலும், அணைந்த திரை எடுத்த பிறகும் கறுத்தே நின்றாலும், கிளாஸ் அருகாமை சென்சாரை மறைக்கிறது என்று பொருள். திரைக்குள்ளேயே கைரேகை சென்சார் உள்ள ஃபோன்களில் பழைய கைரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். 2019 அக்டோபரில் கேலக்ஸி எஸ்10, நோட் 10 ஃபோன்களில், சில சிலிக்கான் உறைகளின் மேற்பரப்புக் கோலத்தையே சென்சார் கைரேகையாகப் படித்து, யார் விரல் வைத்தாலும் பூட்டைத் திறந்தது. சாம்சங் அவசரமாக மென்பொருள் திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தது. புதிதாகப் பதிந்த பிறகு, வீட்டில் இன்னொருவர் விரலை வைத்தும் சோதித்துப் பார்க்க வேண்டும். சாம்சங் ஃபோன்களில் டச் மந்தமானால் செட்டிங்ஸில் டச் சென்சிடிவிட்டியை இயக்கலாம்.

எப்போது மாற்ற வேண்டும்

விரிசல் விட்ட கிளாஸை மாதக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது மும்பையில் பரவலான வழக்கம். அதன் சில்லுகள் கட்டைவிரலைக் கிழிக்கும். ஃபோனை விளையாடக் கேட்கும் குழந்தையின் விரலையும் கிழிக்கும். மழைநீரும் தூசியும் விரிசல் வழியே பசைக்குள் இறங்கும். ஓரம் கிளம்பினாலும் மாற்றிவிட வேண்டும். விரல் வழுக்கும் பூச்சு விலை குறைந்த கிளாஸில் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேய்ந்துவிடும். அதற்காக மட்டும் மாற்றத் தேவையில்லை. திரையைத் துடைக்க ஈரம் தோய்த்த மெல்லிய துணி போதும். ஜன்னல் கண்ணாடிக்கான ஸ்ப்ரேக்கள் அந்தப் பூச்சை இன்னும் சீக்கிரம் அரித்துவிடும்.

ஏற்கெனவே ஒரு முறை டிஸ்ப்ளே மாற்றிய ஃபோனுக்கு, புது ஃபோனைவிட அதிகமாகக் கிளாஸ் தேவை. ரிப்பேர் கடைகளில் ஃபோல்டர் அல்லது காம்போ என்று மாற்றித் தரும் நகல் டிஸ்ப்ளேக்களின் மேல்கண்ணாடி பெரும்பாலும் மூலக் கண்ணாடியின் பலம் இல்லாதது. விலை குறைந்த ஃபோனுக்கே அந்த மாற்றம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அமோலெட் திரை கொண்ட உயர்விலை ஃபோன்களில் பத்தாயிரத்துக்கும் மேல் போகும். கீழே விழுந்த சேதத்தைக் கம்பெனி வாரன்டி ஏற்பதில்லை.

மடக்கும் ஃபோன்கள் மட்டும் தனி ரகம். 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டை மதிப்பாய்வுக்குப் பெற்ற சிலர், திரையின் மேல் இருந்த படலத்தைச் சாதாரணப் பாதுகாப்புத் தாள் என்று நினைத்து உரிக்க, திரையே செயலிழந்தது. ஃபோனின் வெளியீடு செப்டம்பர் வரை தள்ளிப்போனது. அந்தப் படலம் திரையின் ஒரு பகுதி. மடக்கும் ஃபோனின் உள்திரையில் உள்ள படலம் குமிழி விட்டாலோ உரிந்தாலோ சாலையோரக் கடைக்குப் போகக் கூடாது. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும்.

மற்ற எல்லா ஃபோன்களுக்கும், மும்பைத் தெருவில் அன்றாடம் நடமாடும் ஒருவருக்கு, விளிம்பு உயர்ந்த கவரும் அதோடு 100 ரூபாய் முழுப்பசை கிளாஸும் தகுந்த செலவு. ஆயிரம் ரூபாய் கிளாஸ் அதைவிடப் பத்து மடங்கு காக்காது. அந்தப் பணத்துக்குப் பத்து முறை புதுக் கிளாஸ் மாற்றலாம்.